மீட்டரில் ஒன்றரை வோல்ட்

கொரோனா ஓய்ந்து பள்ளிக்கூடங்கள் ஒழுங்காக நடக்கத் தொடங்கிய வருடம் அது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். அது பிழைப்பு. பிழைப்பு போக எனக்கு ஒரு பைத்தியமும் உண்டு. எரிந்த பல்பு, ஊமையான ரேடியோ, உடைந்த பொம்மை, எதைக் கண்டாலும் பிரித்துவிடுவேன். உள்ளே இருக்கும் சாமானைப் பிடுங்கி, யூடியூபில் யாராவது செய்து காட்டியதைப் பார்த்து, நானும் ஒன்றைச் செய்வேன். பாதி வேலை செய்யும், பாதி புகையும். வீட்டில் யாரும் திட்டியதில்லை. அந்தக் குறை தீர இப்போது நானே என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

என் மனைவிக்குக் கல்யாணத்தின்போதே ஒரு காது கொஞ்சம் மந்தம். பாப்பா பிறந்த பிறகு இரண்டு காதுமே மளமளவென்று இறங்கிவிட்டன. சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அறைக்குள் வைத்து ஏதேதோ ஓசை கொடுத்துச் சோதித்தார்கள். அவளை வெளியில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னிடம் மட்டும் பேசினார்.

"நரம்பு தேயுதுப்பா. ஆபரேஷன் பண்ணி ஒண்ணும் ஆகாது. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, இருக்கற வரைக்கும் மிஷின் போட்டுக் கேக்கட்டும். கொழந்த பேச ஆரம்பிக்கப் போற நேரம். அதையாவது நல்லாக் கேட்டுக்கட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. மடியில் பாப்பா தூங்கியது. டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் என் வாயைப் பார்த்துக் கேட்டாள். மிஷின் போட்டால் நன்றாகக் கேட்குமாம் என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

காது மிஷின் ஒரு முகாமில் இலவசமாகக் கிடைத்தது. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய டப்பா. சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். காதுக்குள் வைக்கும் துண்டை அவள் காதுக்கென்றே அச்செடுத்துச் செய்து கொடுத்தார்கள். ஒரு பென்சில் பேட்டரி போட்டால் வேலை செய்யும். போட்ட முதல் நாள் அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குழாயைத் திறந்து திறந்து மூடினாள். பாப்பா அழுதால் தூக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று என் அம்மா கோபித்துக்கொண்டார்.

அவள் சாமந்தித் தோட்டங்களுக்குப் பூப் பறிக்கப் போகிறவள். எங்கள் பக்கத்துப் பெண்கள் காட்டு வேலைக்குப் போகும்போது புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். அவள் என்னுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொள்வாள். மிஷின் அந்தச் சட்டைப் பையில் இருக்கும். ஆனால் பேட்டரி தீர்ந்துவிடுமே என்று தோட்டத்தில் அணைத்து வைத்துவிடுவாள். ஒரு நாள் வரப்போரம் டிராக்டர் பின்னால் வந்தது தெரியாமல் நின்றிருக்கிறாள். கூட இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்ததால் தப்பினாள். அன்று எனக்குப் பதறியது உண்மைதான். ஆனால் அந்தப் பதற்றத்துக்குள்ளேயே ஒரு குஷியும் இருந்தது. செய்துபார்க்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதே! நாலு பேட்டரியைச் சேர்த்து வாங்கிக் கொடுத்திருந்தால் தீர்ந்துபோகிற பிரச்சினை. எனக்கு அது தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, ருசிக்கவில்லை.

ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டு வாசலில் இருந்த சோலார் விளக்கு உடைந்துவிட்டதென்று என்னிடம் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் வெயிலைக் கரண்டாக்கும் சில்லுகளில் இரண்டுதான் முழுதாகத் தேறியது. வெயிலில் வைத்தால் ஒரு சில்லு அரை வோல்ட் கொடுக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்று. மிஷினுக்கு ஒன்றரை வேண்டும். நிறையச் சில்லுகளைக் கோத்துக்கொண்டே போகலாம்தான், ஆனால் தோளில் பலகையைச் சுமந்துகொண்டு பூப் பறிக்க முடியாது. இருக்கிற வோல்ட்டை உயர்த்த ஒரு வழி உண்டு. எரிந்த சி.எஃப்.எல் பல்புக்குள் ஒரு சின்ன வளையம் இருக்கும். அதில் இரட்டையாகக் கம்பி சுற்றி, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு ரெசிஸ்டரும் வைத்தால் போதும். அது கரண்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை விட்டு விட்டு நிறுத்தும். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் கம்பிச் சுற்றில் வோல்ட் எகிறும். அப்படி எகிறுவதைச் சேர்த்துக்கொண்டால் அரையும் அரையும் ஒன்றரையாகிவிடும். காயில் கட்டுகிறவனுக்கு இது கை வந்த வேலை.

அந்த விளக்கில் இருந்த சின்ன ரீசார்ஜ் பேட்டரியையும் கூடவே சேர்த்தேன், வெயில் போன பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று. சில்லு இரண்டையும் சட்டையின் தோளில் தைத்தேன். ஒயரைத் தையலுக்குள்ளேயே விட்டு மிஷினுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் நல்ல வெயிலில் நின்று மீட்டரை வைத்தேன். ஒன்று புள்ளி ஐந்து. அச்சு அசலாக ஒன்று புள்ளி ஐந்து! அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வந்த மப்பு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்த மப்பில்தான் இன்னொரு காரியம் செய்தேன். இனிமேல் பேட்டரியே வேண்டாம் என்று, மிஷினில் பேட்டரி போடும் இடத்திலிருந்த ஸ்பிரிங்கைப் பிடுங்கிவிட்டு, ஒயர்களை அங்கேயே பற்றவைத்து மூடிவிட்டேன்.

அவளை வாசலுக்குக் கூப்பிட்டுச் சட்டையைப் போடச் சொன்னேன். மிஷினைத் திருகினேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையைக் காதுக்குக் கொண்டுபோனாள். ஆச்சரியப்படுகிறாள் என்று நினைத்தேன். முகத்துக்கு நேராக நின்று, "கேக்குதா?" என்று கேட்டேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "கேக்குதுங்க" என்றாள்.

பத்து வருடமாக மந்தக் காதோடு வாழ்கிறவளுக்கு வாயசைவைப் படிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பஸ்ஸில் என் வாயைப் பார்த்துப் பேசியவள்தானே. ஆனால் சோதித்துப் பார்க்க வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. முதுகுப் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசிப் பார்த்திருக்கலாம். காதில் இருப்பதைக் கழற்றி ஒரு தடவை என் காதில் வைத்துப் பார்த்திருக்கலாம். அது அவள் காதுக்கு அச்செடுத்தது, நமக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டேன். மீட்டர்தான் சொல்லிவிட்டதே.

ஊரில் பேச்சாகிவிட்டது. "சூரியனயே கொண்டாந்து பொண்டாட்டி காதுல மாட்டிப்புட்டான்யா" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். கேலிதான், ஆனால் உள்ளே மெச்சுதலும் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்தபோது என்னையும் கூப்பிட்டார்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலில் மேசை போட்டு, பிள்ளைகளெல்லாம் சுற்றி நிற்க, சில்லு, வளையம், வோல்ட் என்று அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் மைக்கை அவளிடம் கொடுத்து, "எப்பிடி இருக்குது, சொல்லு" என்றேன். அவள் பிள்ளைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நல்லாக் கேக்குதுங்க" என்று மைக்கில் சொன்னாள். கை தட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பாப்பா நடை பழகி, பேச ஆரம்பித்தது. மனைவிக்கு அடிக்கடி தலைவலி வந்தது. வெயிலில் நிற்பதால் என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்தில் தோள்மேல் துண்டைப் போட்டுச் சில்லை மூடிக்கொள்கிறாள் என்று கவனித்தேன். "மூடுனா எப்பிடிப் புள்ள கரண்ட் வரும்?" என்று சத்தம் போட்டேன். அதோடு விட்டேனா? இன்னும் இரண்டு சில்லு தேடி எடுத்து மற்றத் தோளிலும் தைத்தேன். ஒரு தோளை மூடினாலும் இன்னொரு தோள் வேலை செய்யுமே என்ற புத்திசாலித்தனம். அவள் அதையும் மாட்டிக்கொண்டு பூப் பறிக்கப் போனாள்.

பாப்பாவை அங்கன்வாடியில் சேர்த்தோம். டீச்சர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், எங்கள் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் பாப்பாவைக் கூட்டிவரப் போனபோது என்னை நிறுத்தினார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. வூட்ல யாருக்காச்சும் காது சுத்தமாக் கேக்காதுங்களா?"

ஏன் என்று கேட்டேன்.

"பாப்பா யாரயும் கூப்படறதே இல்லீங்க. எதுனா வேணும்னா கிட்ட வந்து, நம்ம மோவாயப் புடிச்சு அது பக்கம் திருப்புது. நாம அது வாயப் பாத்தாத்தான் பேசுது. மத்தக் கொழந்தைங்க மோவாயயும் அப்பிடித்தான் புடிக்குது. கேக்காதவங்க கூட வளந்த கொழந்தையாட்டம் இருக்குதுங்க."

என் மனைவிக்குக் கொஞ்சம் மந்தம்தான், ஆனால் மிஷின் போட்டிருக்கிறாள், நன்றாகக் கேட்கிறது என்றேன். கொஞ்சம் வீம்பாகவே சொன்னேன். ஆனால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. என் மோவாயையும்தான் பாப்பா அப்படித் திருப்பும். கொஞ்சல் என்று நினைத்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். சட்டை கொடியில் தொங்கியது, மிஷின் பையிலேயே இருந்தது. இரண்டு தோளிலும் வெயில் விழுமாறு சட்டையை விரித்துப் பிடித்தேன். மிஷினைத் திருகி, காதுக்குள் வைக்கும் துண்டை என் காதில் அழுத்தினேன்.

ஊய்ங்ங்… என்று ஒரு சத்தம். ஊசி போல. கரும்பலகையில் நகத்தைப் போட்டு நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. பல் கூசியது. கையை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். அந்தச் சத்தத்துக்கு அடியில் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலப் பாப்பாவின் குரல். என்ன சொல்கிறது என்று புரியவில்லை. சட்டைமேல் துண்டைப் போட்டேன். ஊய்ங் நின்றது. பாப்பா பக்கத்தில் நின்று தண்ணி தண்ணி என்று கேட்பது துல்லியமாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னப் பேட்டரி சோர்ந்துபோய், எல்லாமே மங்கி மறைந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. வோல்ட்டை உயர்த்துவதற்காக விட்டு விட்டு நிறுத்துகிறது என்று சொன்னேன் அல்லவா, அந்த எகிறலும் இறங்கலும் அப்படியே மிஷினுக்குள் போய்ச் சத்தமாகிவிட்டது. அதைச் சமப்படுத்தப் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று போட்டிருக்க வேண்டும். டப்பாவில் இடமில்லை என்று குட்டியாக ஒன்றைப் போட்டு முடித்திருந்தேன். சில்லை மூடினால் எகிறலே இல்லை, சின்னப் பேட்டரி மட்டும் ஓட்டும், அதனால்தான் சத்தம் நின்றது. மீட்டரில் அந்த எகிறல் தெரியாது. அது சராசரியைத்தான் காட்டும். சராசரி ஒன்றரை வோல்ட், ரொம்பச் சரி.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். என் கையில் மிஷின் இருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். என் முகத்திலேயே படித்துவிட்டாள் போல.

"ஏன் புள்ள சொல்லல?" என்று எப்படியோ கேட்டேன்.

"மொத நாளே சொல்லத்தாங்க நெனச்சேன். உங்க மொகத்தப் பாத்தன். அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. பொறவு ஊரே பேசுச்சு. மைக்குல வேற சொல்லிப்புட்டன். அப்பறம் எப்பிடிங்க சொல்றது?"

பேட்டரி போட்டுக்கொண்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். போடும் இடத்தைப் பற்றவைத்து அடைத்தவன் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பொழுது எறங்குனா அந்த ஊய்ங்கறது நிக்குங்க. அப்பறம் கொஞ்ச நேரம் நல்லாக் கேக்கும். அப்ப பாப்பாவப் பேச வெச்சுக் கேட்டுக்குவன். அது போதும்னு இருந்தன். இப்ப கொஞ்ச நாளா அதுவும் கேக்கறதில்லீங்க, பேட்டரிதான் தேஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டன்" என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் அவள் போட்டது போட்டபடி கிடக்க, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடுவாள். ஒரு நாள் அடுப்பில் சோறு தீய்ந்துபோயிற்று. வெளக்கு வெக்கற நேரத்துல என்ன கொஞ்சல் வேண்டிக் கெடக்குது என்று நான் கத்தியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. கத்திய பிறகு சில நாள் அவள் போகாமல் அடுப்படியிலேயே இருந்தாள். அந்த நாட்களில் அவளுக்கு அந்தக் கொஞ்ச நேரமும் இல்லை.

அன்றைக்குத்தான் டாக்டர் சொன்னதை முழுதாகச் சொன்னேன். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ என்று அவர் சொன்னதைச் சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று பார்த்தேன். அவள் பாப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது தெரிஞ்சிருந்தா மொத நாளே சொல்லியிருப்பனுங்க. இன்னும் நாளு கெடக்குது, மெதுவாச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டன்" என்றாள்.

மறுநாளே சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே அறை, அதே ஓசைகள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓசை கேட்டால் கையைத் தூக்க வேண்டும். போன தடவை அடிக்கடி தூக்கினாள். இந்தத் தடவை கையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது ஆரம்பிப்பார்கள் என்பது போல உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

நான் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் மாட்டிவிட்ட அந்த ஊய்ங் சத்தத்தால்தான் காது போனதா என்று கேட்டேன். தானாகவே போகிற காதுதான், அந்தச் சத்தம் அவசரப்படுத்தியதா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். புது மிஷின் வாங்கினோம், புதுப் பேட்டரி போட்டோம். மாதக்கணக்கில் முயன்றோம். இடி இடித்தால் ஏதோ அதிர்வது தெரிகிறது என்றாள். அப்புறம் அதையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அந்தச் சட்டையை நான் பிரித்துப் போட்டுவிட்டேன். வீட்டில் ஒரு ஒயரைக்கூடத் தொடுவதில்லை. மோட்டார் மட்டும் கட்டுகிறேன். கட்டி முடித்து மீட்டரில் பார்த்த பிறகும் தண்ணீரில் இறக்கி ஓடவிட்டுப் பார்க்காமல் கொடுப்பதில்லை. வந்தவர்கள் நேரமாகிறதே என்று முனகுகிறார்கள். யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் இன்னும் இரண்டு தடவை துருவிக் கேட்கிறேன். மனிதர்கள் நம் முகத்துக்காகவே ஆமாம் சொல்லிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பாப்பா இப்போது ஒன்றாம் வகுப்பு. ஓயாமல் பேசுகிறாள். போன மாதம் ஒரு மத்தியானம், அவள் வாசலில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். பூவைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து, பாப்பாவின் வாய் அசைவதையே பார்த்தாள். பிறகு என்னிடம், "ஏங்க, அப்ப அவ கொரலு கீச்சுக் கீச்சுன்னு இருக்கும். இப்ப எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டாள்.

நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தினமும் காதாரக் கேட்கிற குரல், என் பிள்ளையின் குரல். அது எப்படி இருக்கிறது என்று என் மனைவிக்குச் சொல்ல இன்றுவரை எனக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.